கட்டிலருகே இருந்த செனிட்டைசர்

இடுப்பெலும்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் அம்மா வைத்தியசாலையில் தங்கியிருந்த நாட்களில், திருகோணமலை நகரிலுள்ள ஒரு மருந்தகத்தில் வாங்கிய 500 மில்லிலீற்றர் செனிட்டைசர் போத்தல் எப்போதும் அவரது கட்டிலருகே இருந்தது. அதன் பெயரைத் தவிர்த்து, அது எப்படிப் பயன்பட்டது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எதனோல் 70 வீதம் என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. அல்ககோல் 60 வீதத்துக்குக் குறைந்தால் பலன் குறையும் என்பதால் இந்த அளவு போதுமானதே. முழுக்க அல்ககோலாகவே இருந்தால் இன்னும் நன்றல்லவா என்று மைத்துனர் கேட்டார். கிருமியின் புரதத்தைச் சிதைக்கக் கொஞ்சம் தண்ணீரும் தேவை என்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை. காயங்களில் தொற்றும் ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ், சிறுநீர்க் குழாய் வழியாக ஏறும் ஈ கோலை, சுவாசக் கருவியில் இருப்பவர்களின் நுரையீரலைத் தாக்கும் கிளெப்சியெல்லா ஆகிய பற்றீரியாக்கள் நுண்ணுயிரெதிர்ப்பு மருந்துகளுக்கு அடங்காதவையாக மாறியிருந்தாலும், கைகளில் இருக்கும்போது அல்ககோலுக்கு அடங்கிவிடும்.

ஆனால், 99.9 வீதமான கிருமிகளை அழிக்கும் என்ற விளம்பர வாசகத்தை அப்படியே ஏற்க முடியாது. நுண்ணுயிரெதிர்ப்பு மருந்து எடுத்தவர்களுக்குக் கடும் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் குளொஸ்ரிடியோயிடிஸ் டிஃபிசில் பற்றீரியாவின் வித்திகளை, அதாவது தடித்த உறைக்குள் உறங்கும் அதன் வடிவங்களை, அல்ககோல் கொல்லாது. சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவித்தான் அவற்றை அகற்ற வேண்டும். போத்தலில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அசினெற்றோபக்ரர் என்ற பற்றீரியா கட்டில் கம்பி போன்ற உலர்ந்த பரப்புகளில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கக் கூடியது என்பதால், கையைத் துடைத்த மறுகணமே அந்தக் கம்பியைப் பிடிப்பவருக்கு எந்தச் செனிட்டைசராலும் பலன் இல்லை. பார்க்க வந்த உறவினர்களில் பெரும்பாலானோர் செய்தது இதைத்தான்.

உள்ளிருந்த ஜெல் நல்லது, போத்தல் மோசம். இரு கைகளும் 20 முதல் 30 விநாடிகள் ஈரமாக இருக்க வேண்டும். ஒரு அழுத்தில் வந்தது அதற்குப் போதாமல் இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது. சில நாட்களில் ஜெல் உலர்ந்து வாய் அடைபட்டது. விரலால் சுரண்டித் திறந்தேன், அது செய்யக் கூடாத காரியம். அடுத்த முறை இதே அளவு எதனோல் கொண்ட, ஜெல் அல்லாத திரவத்தைச் சிறிய போத்தல்களில் வாங்குவேன். கூடவே ஒரு கட்டிச் சவர்க்காரமும்.