பின்னால் ஓடும் ஆப்பை நிறுத்துவது யார்: ஐபோனும் ஆண்ட்ராய்டும்

சாயங்காலம் ஆறு மணி. நெல்லை டவுன் ரதவீதியில் ஒரு பலசரக்குக் கடை. ஸ்கேன் பண்ணிப் பணம் போட்டவர் "அண்ணாச்சி, வந்துட்டா?" என்று கேட்கிறார். "இரு தம்பி, பாத்துச் சொல்லுதேன்" என்று அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து ஆப்பைத் திறக்கிறார். அதுவரை வாய்மூடிக் கிடந்த போன் இந்தப் பணத்தையும், இதற்கு முன்னால் வந்த இரண்டு பேர் பணத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. பணம் எப்போதோ கணக்கில் ஏறிவிட்டது. ஆப் மட்டும் தூங்கியிருக்கிறது.

நெட் சரியில்லை என்று ஜியோவையோ ஏர்டெல்லையோ திட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் பல ஆப் திறந்திருக்கும்போது எதை ஓடவிடுவது, எதைத் தூங்கவைப்பது என்று போன் தானாக எடுக்கிற முடிவுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். ஐபோன் இதை ஒரு விதமாகச் செய்கிறது, ஆண்ட்ராய்டு இன்னொரு விதமாக. ஆண்ட்ராய்டுக்குள்ளேயே சாம்சங்கில் ஒரு கணக்கு, ரெட்மியில் ஒரு கணக்கு. வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிற நாம் இதைக் கேட்பதே இல்லை.

ஐபோன்: சாவி உங்களிடம் இல்லை

2008இல் ஆப் ஸ்டோர் வந்த பிறகும், ஐபோனில் வெளியார் ஆப் ஒன்றை விட்டு வெளியே வந்தால் அது அத்தோடு முடிந்தது. 2010இல் ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 4ஆம் பதிப்புதான் முதலில் கதவைத் திறந்தது. அதுவும் ஏழே ஏழு வகை வேலைக்கு: பாட்டு ஓடுவது, இன்டர்நெட் கால், லொகேஷன் பார்ப்பது, தொடங்கிய வேலையை முடிக்கச் சிறு அவகாசம், இப்படி. அந்த அவகாசம் அன்றைக்கு 10 நிமிடம். இன்றைக்கு ஏறக்குறைய 30 வினாடிதான். அது முடிந்ததும் ஆப் உறைந்துவிடும். ரேமில், அதாவது திறந்திருக்கும் ஆப்கள் தங்கும் தற்காலிக நினைவகத்தில், இடம் பிடித்திருக்கும், பிராசசரைத் தொடாது, பேட்டரியைத் தின்னாது. ரேம் தேவைப்பட்டால் ஐஓஎஸ் யாரையும் கேட்காமல் அதைத் தூக்கிப் போட்டுவிடும்.

கீழிருந்து மேலே இழுத்தால் வரிசையாக நிற்கும் அட்டைகள் எல்லாம் ஓடுகிற ஆப் என்று நினைப்பது தவறு. அவை கடைசியாகப் பார்த்த திரையின் படங்கள். போனை முழுசாக அணைத்து மறுபடி போட்டுப் பாருங்கள், அட்டைகள் அப்படியே இருக்கும்.

இதில் உள்ள சுகம், நீங்கள் ஒன்றுமே செய்யவேண்டாம். ஐபோன் 13இல் இருப்பது 4 ஜிபி ரேம்தான். பின்னால் அதிகம் ஓடாததால் அதுவே போதுமானதாக இருக்கிறது. வாட்ஸ்அப் செய்தி வருவதற்கும் ஆப் ஓடவேண்டியதில்லை. ஆப்பிள் சர்வரிலிருந்து போனுக்கு ஒரே ஒரு குழாய் எப்போதும் திறந்திருக்கும், எல்லா ஆப்பின் நோட்டிபிகேஷனும் அதன் வழியாகவே வரும். அட்டையை மேலே தள்ளி ஆப்பை மூடியிருந்தாலும் கண்ணுக்குத் தெரிகிற நோட்டிபிகேஷன் வந்துசேரும்.

சிக்கல் பெரிய ஃபைலில்தான். பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வீடியோ, 4 ஜிபி, அதை ஐபோனிலிருந்து கிளவுடில் ஏற்ற வேண்டும் என்று வையுங்கள். ஆப்பை எழுதியவர் ஐஓஎஸ் தருகிற பின்னணி அப்லோடு முறையைப் பயன்படுத்தியிருந்தால், நீங்கள் வேறு ஆப்புக்குப் போனாலும் ஏறிக்கொண்டே இருக்கும். பயன்படுத்தாவிட்டால் அரை நிமிடத்தில் நின்றுபோகும். எந்த ஆப் எந்த வகை என்று வெளியிலிருந்து தெரியாது, மாற்ற ஒரு சுவிட்சும் கிடையாது. அப்லோடு ஓடும்போது அட்டையை மேலே தள்ளினால் இரண்டு வகையிலுமே வேலை ரத்தாகிவிடும்.

இருக்கிற ஒரே வழி, ஆப்பைத் திரையில் விட்டுவிட்டு, செட்டிங்ஸில் டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ் போய் ஆட்டோ லாக்கை 'நெவர்' என்று வைப்பது. இங்கே ஒரு சின்னக் கண்ணி: லோ பவர் மோட் போட்டிருந்தால் ஆட்டோ லாக் 30 வினாடியிலேயே பூட்டிக்கிடக்கும், மாற்றவே விடாது. சார்ஜரைச் சொருகி, லோ பவர் மோடை எடுத்துவிட்ட பிறகு பார்க்கவேண்டும்.

திரையை இரண்டாகப் பிரிப்பது ஐபோனில் கிடையாது. ஐபேடுக்கு 2015இலேயே வந்துவிட்டது. ஐபோனுக்குக் கிடைத்தது 2020இல் வந்த மிதக்கும் வீடியோப் பெட்டி மட்டும். பில்லைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவருக்கு இது பெரிய குறை, வீட்டில் உபயோகிப்பவர் கவனிக்கக்கூட மாட்டார்.

ஆண்ட்ராய்டு: சாவிக்கொத்து, ஆனால் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு?

ஆண்ட்ராய்டு 2008இலிருந்தே எல்லா ஆப்பையும் பின்னால் ஓடவிட்டது. விளைவு, மத்தியானத்துக்குள் பேட்டரி காலி. பிறகு ஒவ்வொரு வருஷமும் கயிற்றை இறுக்கினார்கள். 2015இல் ஆண்ட்ராய்டு 6 'டோஸ்' கொண்டுவந்தது: போன் சும்மா கிடந்தால் ஆப்களை மொத்தமாகத் தூங்கவைத்து, இடையிடையே மட்டும் எழுப்பும். 2017இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபின், தொடர்ந்து பின்னால் ஓடவேண்டிய ஆப் மேலே ஒரு நோட்டிபிகேஷன் காட்டியே ஆகவேண்டும் என்றானது. மேப் ஓடும்போதும் பாட்டு ஓடும்போதும் போகாமல் நிற்கிறதே, அந்த நோட்டிபிகேஷன். அது தொந்தரவு இல்லை, அந்த ஆப்பின் உயிர். 2018இல் நீங்கள் எவ்வளவு அடிக்கடி தொடுகிறீர்கள் என்பதை வைத்து ஆப்களைத் தரம் பிரித்தார்கள்.

இதுவரை கூகுள் போட்ட விதி. ரெட்மி, ஓப்போ, விவோ, ரியல்மி இதற்கு மேல் தங்கள் சொந்த விதியையும் போடுகின்றன, பேட்டரி நிறைய நேரம் நிற்கிறது என்று காட்டவேண்டுமே. அட்டையைத் தள்ளிவிட்டால் சாதாரண ஆண்ட்ராய்டில் ஆப் மூடும், நோட்டிபிகேஷன் பிறகும் வரும். சில கம்பெனி போனில் அதே தள்ளல் 'ஃபோர்ஸ் ஸ்டாப்' ஆகிவிடும். ஃபோர்ஸ் ஸ்டாப் ஆன ஆப்புக்கு, நீங்களே திறக்கிற வரை நோட்டிபிகேஷன் வராது. ரதவீதிக் கடையில் நடப்பது அநேகமாக இதுதான்: அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்து பொழுதுபோகாமல் எல்லா அட்டையையும் 'கிளியர் ஆல்' தட்டிச் சுத்தம் பண்ணியிருப்பார்.

இந்த வகை போன்களைப் பற்றி நம் கருத்து இது: ஐபோனின் நிம்மதியும் இதில் இல்லை, ஆண்ட்ராய்டின் உரிமையும் முழுசாக இல்லை. முடிவைப் போனே எடுக்கிறது, எடுத்ததைச் சொல்வதும் இல்லை. உரிமை வேண்டுமென்றால் மூன்று நான்கு இடத்தில் தேடிப்பிடிக்கவேண்டும்.

ரெட்மி, போக்கோவில்: ஆப் ஐகானை அழுத்திப் பிடித்து 'ஆப் இன்ஃபோ' போங்கள். 'ஆட்டோஸ்டார்ட்' ஆன் பண்ணுங்கள். கீழே 'பேட்டரி சேவர்' போய் 'நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்'. பிறகு அட்டைகள் வரிசையாக நிற்கும் ரீசன்ட்ஸ் திரையில் அந்த ஆப்பின் அட்டையை அழுத்திப் பிடித்தால் பூட்டு வரும், அதைத் தட்டுங்கள். இனி கிளியர் ஆல் அதைத் தொடாது. மூன்றில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் வீண்போகலாம்.

சாம்சங்கில்: செட்டிங்ஸில் பேட்டரி, அதற்குள் 'பேக்ரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ்'. அங்கே 'நெவர் ஆட்டோ ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியலில் ஆப்பைச் சேர்க்கவேண்டும். பக்கத்திலேயே 'டீப் ஸ்லீப்பிங்' என்று ஒரு பட்டியல் இருக்கும். உங்கள் ஆப் அதில் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஓப்போ, ரியல்மியில் 'ஆட்டோ லாஞ்ச்' என்று தேடலாம். எந்தப் புதிய ஆண்ட்ராய்டாக இருந்தாலும் ஆப் இன்ஃபோவில் பேட்டரி 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று இருக்கவேண்டும்.

இதை எல்லா ஆப்புக்கும் செய்துவைக்காதீர்கள். பணம் சொல்லும் ஆப், வாட்ஸ்அப், வண்டி ஓட்டுகிறவரானால் சவாரி ஆப், அவ்வளவு போதும். இருபது ஆப்பைத் திறந்துவிட்டால் 2012ஆம் வருஷத்து பேட்டரிக்குத் திரும்பிவிடுவீர்கள்.

இரண்டிலும் ஒரே மாதிரி தடுக்கும் இடம்

இ-சேவை விண்ணப்பத்தை போனில் நிரப்புகிறீர்கள். பெயர், விலாசம் எல்லாம் அடித்தாயிற்று. ரேஷன் கார்டு போட்டோ கேட்கிறது. கேமராவைத் திறந்து எடுத்துவிட்டுத் திரும்பினால் பக்கம் புதிதாக லோடாகி, எல்லாக் கட்டமும் காலி. கேமரா திறக்கும்போது ரேமை மொத்தமாக வாரும். 4 ஜிபி போனில் அதற்கு இடம் கொடுக்கப் பலியாவது பின்னால் போன பிரவுசர். ரேம் குறைந்த ஐபோனிலும் சஃபாரி பக்கம் இப்படி அழியும். விண்ணப்பத்தைத் திறக்கும் முன்பே எல்லாப் போட்டோவையும் எடுத்து கேலரியில் வைத்துக்கொண்டால் இந்த வம்பு வராது. அட்டைப்பெட்டியில் '8+8 ஜிபி' என்று போட்டிருப்பதை நம்பி 16 ஜிபி என்று கணக்குப் போடவேண்டாம். இரண்டாவது 8, போனின் சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது, வேகம் பல மடங்கு குறைவு.

வெயிலும் அப்படித்தான். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்ப அளவு 0 முதல் 35 டிகிரி வரை. சித்திரையில் வண்ணார்பேட்டை மேம்பாலத்துப் பக்கம் ஆட்டோ கண்ணாடியில் மாட்டி, மேப்பும் ஹாட்ஸ்பாட்டும் ஓட, சார்ஜும் ஏறினால் எந்த போனும் முதலில் திரையை மங்கவைக்கும், பிறகு சார்ஜை நிறுத்தும். சாவி யாரிடம் இருந்தாலும் சூடு கேட்காது.

யூடியூப் திரையை அணைத்தால் நிற்கிறதே என்று சிலர் போன் மாற்றுகிறார்கள். அது காசு கட்டினால் திறக்கிற கதவு, இரண்டு போனிலும் ஒன்றேதான்.

யாருக்கு எது

ஆட்டோ, டெலிவரி ஓட்டுகிறவர்களுக்கு ஆண்ட்ராய்டுதான். சவாரி வந்தால் மேப்பின் மேலேயே குதித்து நிற்கும் பெட்டிக்கு 'டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்' அனுமதி வேண்டும். ஐபோன் அதை எந்த ஆப்புக்கும் தராது. பில் பார்த்துக் கணக்கு எழுதும் கடைக்காரருக்கும் ஆண்ட்ராய்டின் ஸ்பிளிட் ஸ்கிரீன் உதவும்: ரீசன்ட்ஸ் போய் அட்டையின் தலையில் உள்ள ஐகானைத் தட்டினால் கிடைக்கும். பேங்க் ஆப் சில இதற்கு ஒத்துக்கொள்ளாது.

ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு, காசு இடம் கொடுத்தால் பழைய ஐபோன் நல்லது. காரணம் எளிமை மட்டும் இல்லை. வாட்ஸ்அப்பில் 'டிராஃபிக் சலான்', 'கல்யாணப் பத்திரிகை' என்ற பெயரில் வரும் ஏபிகே ஃபைல்கள் (ஆண்ட்ராய்டில் மட்டும் ஆப்பாக ஏறுகிறவை), மேலே சொன்ன அதே பெட்டி அனுமதியையும் எஸ்எம்எஸ் அனுமதியையும் கேட்டு வாங்கி ஓடிபியைச் சுரண்டுகின்றன. சவாரிக்காரருக்குச் சோறு போடுகிற கதவு வழியாகத்தான் திருடனும் வருகிறான். ஆண்ட்ராய்டே வாங்கித் தருவதானால் செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' போய், வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் ஃபைல் மேனேஜருக்கும் அனுமதியை எடுத்துவிட்டுக் கையில் கொடுங்கள்.

அண்ணாச்சி கடைக்கு இருக்கிற ஆண்ட்ராய்டு போதும், புதிது வேண்டாம். மேலே சொன்ன சுவிட்சுகளைப் போட்டபின் சோதிக்கிற விதம் முக்கியம். உடனே பணம் அனுப்பிப் பார்த்தால் எந்த போனும் பேசும். திரையை அணைத்து, மேசையில் ஒரு மணி நேரம் தொடாமல் வைத்துவிட்டு, வேறு போனிலிருந்து 1 ரூபாய் அனுப்பவேண்டும். சார்ஜரில் போட்டிருக்கக் கூடாது, சார்ஜ் ஏறும்போது டோஸ் வேலை செய்யாது. சாஃப்ட்வேர் அப்டேட் வந்த மறுநாள் இதே சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள். சில போன்களில் அப்டேட்டோடு ஆட்டோஸ்டார்ட் பழையபடி அணைந்துவிடுகிறது.