கச்சானுக்கு ஒரு சேட், புழுக்கத்துக்கு ஒரு சேட்: திருகோணமலை வெயிலில் மூன்று வருடப் பாவனை

திருகோணமலையில் வெயிலுக்குச் சேட் எடுக்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் வழமையாகக் கேட்கும் கேள்வி, "இது கொட்டனா?" என்பதுதான். கேள்வி பிழையில்லை, ஆனால் போதாது. கொட்டன் என்று முத்திரை குத்திய, சாய்கோடு தெரிய நெய்த தடித்த ட்வில் சேட்டைப் போட்டுக்கொண்டு மத்தியானம் பிரதான வீதியில் நடந்தால் அவிந்துபோவீர்கள். அதே கொட்டனை ஐதாக நெய்து, கொஞ்சம் தொளதொளப்பாகத் தைத்தால் நாள் முழுக்கத் தாங்கலாம். நூல் என்ன என்பதோடு நெசவு எவ்வளவு ஐது, துணிக்கும் தோலுக்கும் நடுவில் எவ்வளவு காற்று நிற்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். மூன்று வருடமாக ஐந்து வகைச் சேட்டுகளை மாறி மாறி உடுத்து, தோய்த்து, காயப்போட்டுப் பார்த்ததில் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் நம்ம ஊர் வெயிலைப் பிரித்துப் பார்க்கவேண்டும். வைகாசி பிறந்து ஆவணி வரை கச்சான் வீசும். தரைப் பக்கமிருந்து வரும் வறண்ட சூட்டுக் காற்று அது. பகலில் வெப்பம் 33, 34 பாகை செல்சியசைத் தொடும், ஆனால் வேர்வை வந்த வேகத்திலேயே காய்ந்துவிடும். இந்தக் காலத்துக்கு லினன், அதாவது ஆளிச்செடி நாரில் நெய்த துணி, மாதிரி வேறொன்றும் இல்லை. பங்குனி, சித்திரையிலும் புரட்டாதியிலும் நிலைமை வேறு: காற்று அசையாது, கடல் ஈரம் மேலே நிற்கும், வேர்வை காயாமல் வழியும். அப்போது துணி தோலில் ஒட்டாமல் இருப்பதே பெரிய காரியம். ஐப்பசிக்குப் பிறகு மாரி வந்துவிட்டால் சேட் கொடியில் காயுமா என்பதுதான் கவலை. இந்த மூன்றுக்கும் ஒரே சேட் சரிவராது. ஒரே துணியில் ஆறு வாங்குவதைவிட இரண்டு துணியில் மூன்று மூன்றாக வாங்குவது புத்தி.

கடையில் நின்று சோதிக்க நான்கு வழிகள் உண்டு. சேட்டின் ஒற்றைத் துணியை வாயில் அழுத்தி வைத்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் மூச்சுச் சூடு தாராளமாகப் படவேண்டும். கன்னம் உப்பினால் அந்தத் துணி வேண்டாம். அடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பின்னால் கையை வையுங்கள். விரல்களின் நிழல் தெரிந்தால் அளவு சரி, விரல் ரேகை வரை தெரிந்தால் வெயிலில் உள்ளே பெனியன் போடவேண்டி வரும், அதோடு ஐதின் பயன் போய்விடும். மூன்றாவது, ஓரத்தைப் பத்து விநாடி கைக்குள் கசக்கிப் பிடித்து விடுங்கள். சுருக்கம் கொஞ்சமும் விழாவிட்டால் பொலியெஸ்டர் கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இறுதிச் சோதனை வாங்கிய பிறகு: உள்தையலின் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். கொட்டனும் லினனும் கடதாசி எரிவதுபோல் எரிந்து, நசித்தால் தூளாகும் சாம்பலை விடும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கறுத்த மணியாக இறுகும். "லினன் மாதிரி" என்று விற்கப்படும் பல சேட்டுகளின் குட்டு இந்த ஒரு நூலில் வெளிவந்துவிடும். துணியின் எடை எழுதியிருந்தால், சதுர மீற்றருக்கு 130 கிராமுக்கு மேற்படாத பொப்ளின் (நெருக்கமாக நெய்த மெல்லிய கொட்டன்), வொயில் (அதைவிட ஐதான துணி) நல்லவை. லினன் நூல் தடிப்பென்றாலும் நெசவு திறந்திருப்பதால் 170 வரை தாங்கும்.

இனி, பாவனையில் ஒவ்வொன்றும் எப்படி நடந்துகொண்டது என்று பார்ப்போம்.

லினன் முதல் ஐந்தாறு தோய்ப்பு வரை முறுமுறுப்பாக, கழுத்தில் உரசும். பத்தாவது தோய்ப்புக்குப் பிறகு இளகிவிடும், அதற்குப் பிறகு ஒவ்வொரு தோய்ப்புக்கும் நன்றாகிக்கொண்டே போகும். கோட்டை வாசலுக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில் நடந்தால் சேட் எப்படிப்பட்டது என்று முதுகு சொல்லிவிடும்: பொப்ளின் முதுகோடு ஒட்டிக்கொள்ளும் நேரத்திலும் லினன் தள்ளியே நிற்கும். சுருங்குவதை ஒரு குறையாக எடுக்கவேண்டாம், அதுதான் அதன் முகம். உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. லினன் நார் இழுவைக்குப் பலமானது, ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடித்தால் முறியும். கொலரின் மடிப்புக் கோட்டை உற்றுப் பாருங்கள்: இரண்டாவது வருடத்தில் அந்தக் கோட்டில் மெல்லிய வெள்ளை இழை எழும்பும், பிறகு பல்லுப் பல்லாக விடும், அதன் பிறகு உள்ளே வைத்த துணி எட்டிப் பார்க்கும். மற்ற இடமெல்லாம் புதிதுபோல இருக்கும்போதே கொலர் மட்டும் போய்விடும். காரணம் அயன். மடித்த கொலரை மேலே அழுத்தி இழுக்கும் பழக்கத்தை விட்டு, கொலரை விரித்தபடி உள்பக்கம் மட்டும் அயன் பண்ணி, மடிப்பைக் கையாலேயே விழுத்தினால் ஆயுள் நன்றாகக் கூடும். ஈரம் முழுக்கக் காயுமுன் அயன் பிடிப்பதும் முக்கியம். காய்ந்த லினனோடு மல்லுக்கட்டினால் சுருக்கமும் போகாது, துணியும் தேயும்.

கொட்டன் பொப்ளின் எல்லா இடத்துக்கும் போகும் பிள்ளை. கந்தோருக்கும் சரி, உப்புவெளிக் கடற்கரைக்கும் சரி. ஈரத்தில் கொட்டனின் பலம் குறையாது, உண்மையில் கூடும். அதனால் அடித்துத் தோய்த்தாலும் தாங்குகிறது. குறை என்னவென்றால், குடித்த வேர்வையை விடாமல் வைத்திருக்கும். புழுக்க நாளில் பத்து மணிக்கு நனைந்த முதுகு இரண்டு மணிக்கும் நனைந்தே இருக்கும். கஞ்சி போட்டால் இன்னும் மோசம்: நெசவின் இடைவெளியைக் கஞ்சி அடைத்துவிடும். மாரியில் கஞ்சி போட்ட சேட்டில்தான் பூஞ்சணமும் முதலில் பிடிக்கும்.

புழுக்கத்துக்கு நாங்கள் கடைசியாக நம்பியது மேடு பள்ளமாகச் சுருக்கி நெய்த கொட்டன் துணியை. சீர்சக்கர் என்பார்கள். நெய்யும்போது நீளவாக்கில் ஓடும் சில பாவு நூல்களை இறுக்கியும் சிலவற்றைத் தளரவும் விடுவதால் அந்தச் சுருக்கம் துணியிலேயே பிறக்கிறது, தோய்த்தாலும் போகாது. மேடுகள் மட்டும் தோலில் படும், பள்ளங்களில் காற்று நிற்கும். அயன் வேண்டாம், பண்ணவும் கூடாது. எல்லாக் கடையிலும் கிடைக்காது, கண்டால் விடாதீர்கள்.

ரேயன், அதாவது விஸ்கோஸ், உடுத்த முதல் நாள் மனதைக் கவரும். பட்டுப்போல விழும், கையில் குளிரும். பூப்போட்ட அரைக்கைச் சேட்டுகளில் பெரும்பங்கு இதுதான். ஆனால் ஈரத்தில் இதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். தோய்க்கும் கல்லில் அடித்தால், முறுக்கிப் பிழிந்தால், தோள் தையலை ஒட்டி நூல் விலகி ஏணிப்படி மாதிரித் தெரியும். நனைந்தால் பாரமாகி உடம்போடு ஒட்டும், முதல் தோய்ப்பிலேயே நீளம் சுருங்கும். ஆகவே ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள், முறுக்காமல் துவாயில் சுற்றி அழுத்தி ஈரத்தை எடுங்கள், நிழலில் போடுங்கள். இந்தப் பணிவிடை செய்ய நேரமில்லாதவர்கள் வாங்காமலிருப்பது நல்லது.

பொலியெஸ்டர் 65, கொட்டன் 35 என்ற கலப்பு மாரியில் உதவும். இரவு தோய்த்தால் விடியக் காய்ந்திருக்கும். ஆனால் இரண்டு குறைகள் தீரவே தீராது. பொலியெஸ்டர் உடம்பின் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோய்த்துக் காய்ந்த சேட்டில் மணம் இல்லை, போட்டு அரை மணித்தியாலத்தில் பழைய வேர்வை நாற்றம் எழும்பும். மற்றது, தாடி முள் உரசும் கொலரில் கடுகு போலத் திரணை கட்டும். கொட்டனில் அப்படிக் கட்டியது தானாக உதிரும். பொலியெஸ்டர் நார் பலமானதால் திரணையை விடாமல் பிடித்திருக்கும்.

மெழுகு பூசிச் சாயமேற்றிய பத்திக் சேட் வாங்கினால் முதல் மூன்று தோய்ப்பைத் தனியாக, பச்சைத் தண்ணீரில் செய்யுங்கள். வாங்குமுன் ஈரமான வெள்ளைக் கைலேஞ்சியால் கடுஞ்சாயப் பகுதியை உரசிப் பாருங்கள், சாயம் ஒட்டினால் வேர்வையிலும் ஒட்டும். வேர்வையை மறைப்பதில் பத்திக்கை மிஞ்ச எதுவும் இல்லை. இளநீலமும் சாம்பலும்தான் அக்குள் ஈரத்தை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். வெள்ளையும் கருநீலமும் காட்டாது, ஆனால் கருநீலத்தில் வேர்வை காய்ந்த பிறகு உப்புக்கோடு வெள்ளையாக வரைந்திருக்கும்.

தைப்பிப்பதா, றெடிமேட்டா என்றால், இந்த ஊர் வெயிலுக்குத் தைப்பிப்பதையே சொல்வோம். மருதமுனைக் கைத்தறி போன்ற ஐதான துணி கிடைத்தால் சொல்லவே வேண்டாம். 58 அங்குல அகலத்துணியில் நடுத்தர உடம்புக்கு அரைக்கை என்றால் 1¾ யார், முழுக்கை என்றால் 2 யார் போதும். 44 அங்குலம் என்றால் அரைக்கைக்கே 2¼ யாராவது வேண்டும். வெட்டுமுன் துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் காயவைத்துக் கொடுங்கள். இதைத் தவறவிட்டுத்தான் நல்ல சேட்டெல்லாம் மூன்றாம் மாதம் வயிற்றைக் காட்டுகின்றன.

தையல்காரரிடம் சொல்லவேண்டியது மூன்று விசயம்: "அண்ணை, தோளுக்குப் பின்னால ஒற்றைத் துணியில போடுங்கோ. கொலருக்கு ஒட்டுத் துணி வைக்காதீங்கோ, இதே துணியில இன்னொரு மடிப்பு வைங்கோ. நெஞ்சுச் சுற்றுக்கு அஞ்சு அங்குலம் கூட விடுங்கோ." வழமையான சேட்டில் தோளின் பின்பகுதி இரட்டைத் துணி. உச்சி வெயில் நேரே விழும் இடமும் அதுதான், அங்கே ஒரு படை குறைந்தாலே வித்தியாசம் தெரியும். கொலருக்குள் பசையால் ஒட்டும் துணி சூட்டிலும் தோய்ப்பிலும் அங்கங்கே விட்டு, கொப்புளம் கொப்புளமாக எழும்பும், திருத்தவும் முடியாது. கைவாயில் கைக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழையவேண்டும். காற்று உள்ளே போகும் வாசல் அது. கால்சட்டைக்கு வெளியே விடுகிற சேட் பின் பொக்கற்றின் நடுவோடு நிற்கவேண்டும். உள்தையலை மடித்து அடிக்கச் சொல்லுங்கள். விளிம்பை நூலால் சுற்றும் ஓவர்லொக் மட்டும் போட்டால் உப்பு வேர்வையோடு அந்த விளிம்பு அக்குளை அரிக்கும்.

அரைக்கையா முழுக்கையா என்ற கேள்விக்கு, மோட்டார் சைக்கிளில் நிலாவெளிப் பக்கம் போய் வருபவர்களுக்கு ஐதான முழுக்கைதான் நல்லது. கையைச் சுருட்டி விடலாம், வெயிலுக்கு இறக்கலாம். டெங்கு நுளம்பு காலையிலும் பொழுதுபடுமுன்னும் கடிப்பதால் அந்த நேரத்துக்கும் உதவும்.

தோய்க்கும் முறையில்தான் அநேகமான சேட்டுகள் சாகின்றன. வேர்வை ஊறிய சேட்டைக் கூடையில் குவிக்காமல், கழற்றிய கையோடு பச்சைத் தண்ணீரில் அலசிக் கொடியில் போடுங்கள், மிச்சத்தை ஆறுதலாகப் பார்க்கலாம். 10 லீற்றர் வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி தூள், அரை மணித்தியால ஊறல் போதும். கடற்கரையை ஒட்டிய கிணற்றுத் தண்ணீர் உவராக, கடினமாக இருந்தால் கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைப் படிவாகத் துணியிலேயே தங்கும். சேட் விறைத்துச் சாம்பல் நிறமாகும். அங்கே தூள்தான் சரி, கடைசி அலசலில் இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி விடுங்கள்.

அக்குளின் மஞ்சள் கறைக்குக் குளோரின் வெளுப்பானை ஊற்றுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. அந்த மஞ்சள், வேர்வையைக் கட்டுப்படுத்தப் பூசும் மருந்திலுள்ள அலுமினிய உப்பும் வேர்வையும் சேர்ந்து பிடிப்பது. குளோரின் அதை இன்னும் மஞ்சளாக்கும். இரும்பு உள்ள குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் குளோரின் விட்டாலும் அதே கதை, முழுச் சேட்டிலும் கறள் நிறம் ஏறும். தோய்க்குமுன் வினாகிரி ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து அந்த இடத்தை அரை மணித்தியாலம் ஊறவிட்டு, மென்மையான தூரிகையால் தேயுங்கள். வினாகிரியையும் குளோரினையும் ஒரே வாளியில் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். பூசும் மருந்து காய்ந்த பிறகு சேட் போட்டாலே கறை குறையும்.

கச்சான் வெயிலில் சேட் விரைவில் காய்ந்துவிடும், அதற்கு மேல் கொடியில் விட்டால் நிறம் எரிந்துபோகும். உள்புறம் வெளியே வரத் திருப்பி, நிழலில், தோளில் கிளிப் குத்தாமல் கீழ் விளிம்பில் குத்திப் போடுங்கள். மாரியில் அரை ஈரத்தோடு அலுமாரிக்குள் வைத்தால் கறுப்புப் புள்ளி விழும், கொட்டனில் விழுந்த அந்தப் புள்ளி முழுதாகப் போவதில்லை. காற்றாடிக்குக் கீழே ஒரு இரவு தொங்கவிட்டு, கொலரையும் பொக்கற் அடியையும் தொட்டுப் பார்த்த பிறகே உள்ளே வையுங்கள். கடைசியாகக் காய்வது அந்த இரண்டு இடமும்தான்.

கொலர் மட்டும் தேய்ந்து மற்றதெல்லாம் நன்றாயிருக்கும் சேட்டை எறிந்துவிடாதீர்கள். கொலரைப் பிரித்துத் திருப்பித் தைத்தால் தேய்ந்த பக்கம் கீழே போகும், நல்ல பக்கம் மேலே வரும். ஒரு வருடம் ஓடும். திருப்பியதும் தேய்ந்தால் மேல் துண்டை வெட்டிவிட்டு, கழுத்தைச் சுற்றி நிற்கும் அடிப்பட்டியை மட்டும் விட்டுச் சைனீஸ் கொலராக ஆக்கலாம். கழுத்துக்கு இன்னும் காற்றுப்படும், பழைய லினன் அந்த நேரத்தில்தான் உடுக்க மிக மிக மென்மையாக இருக்கும்.