முதல் போர்ட் வைன்: என் ஓட்டு டானிக்கு

போர்ச்சுகலின் போர்ட்டோ நகருக்கு ஆற்றின் எதிர்க்கரையில், விலா நோவா டி காயாவில் இருக்கும் ஒரு வைன் கிடங்கில் ரூபி, 10 வருட டானி என்ற இரண்டு வகைப் போர்ட் வைனையும் ருசித்துப் பார்த்தேன். ரூபி அடர் சிவப்பு, பழச்சுவை தூக்கல், ஆனால் எனக்குத் தித்திப்பு கொஞ்சம் அதிகம். டானி வேறு ரகம்! மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடந்து நிறம் வெளுத்து, உலர்ந்த அத்தி, வறுத்த பாதாம், உருக்கிய சர்க்கரை என்று ஒவ்வொரு ருசியாக நாக்கில் வந்துகொண்டே இருந்தது, விழுங்கிய பிறகும் போகவில்லை. திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சை ஸ்பிரிட்டைச் சேர்த்து நொதிப்பை நிறுத்திவிடுவதால் இனிப்பு அப்படியே தங்கிவிடுகிறது, ஆல்கஹாலும் 20 சதவீதத்தை ஒட்டி ஏறிவிடுகிறது, அதனால் சாதாரண வைன் மாதிரி மடமடவென்று குடிக்காதீர்கள். சின்ன கிளாஸ் போதும். டானியை லேசாகக் குளிரவைத்து, சாப்பாட்டுக்கு அப்புறம் நாலு பாதாமோடு குடித்துப் பாருங்கள்.