அடல் டிங்கரிங் லேப்: இருபது லட்சத்தில் எது உழைக்கிறது, எது உறங்குகிறது

நிதி ஆயோக்கின் கீழ் வரும் அடல் இன்னொவேஷன் மிஷன் 2016இல் தொடங்கிய பள்ளி ஆய்வகத் திட்டம் இது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் கையால் செய்து, உடைத்து, திரும்பச் செய்து அறிவியல் கற்பதற்கான இடம். தேர்வாகும் பள்ளிக்கு மொத்த மானியம் 20 லட்சம் ரூபாய். அதில் 10 லட்சம் ஆய்வகத்தை அமைக்க, மீதி 10 லட்சம் ஐந்தாண்டுக்கு மிகாமல் அதை நடத்த. சுமார் 10,000 பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த ஐந்தாண்டில் அரசுப் பள்ளிகளில் 50,000 ஆய்வகங்கள் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். எனவே இன்னும் நிறைய தலைமையாசிரியர்களின் மேசைக்கு இந்தக் கோப்பு வரும்.

வாய்ப்பு வந்தால் வாங்குங்கள். ஒரு அரசுப் பள்ளி தன் சொந்தப் பணத்தில் இதில் பத்தில் ஒரு பங்கைக்கூட வாங்க முடியாது. ஆனால் இந்தத் திட்டத்தைப் பார்ப்பவர்கள் எல்லாரும் முதல் 10 லட்சத்தையே பார்க்கிறார்கள்: பிரிண்டர், ரோபோ, சுவரில் வண்ணம், திறப்பு விழா. ஆய்வகம் மூன்றாம் ஆண்டில் உயிரோடு இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது இரண்டாவது 10 லட்சம். கூடவே, கால அட்டவணையில் அதற்கு ஒதுக்கும் நேரம்.

முதலில் இடம். பொதுவாக 1,500 சதுர அடி கேட்கிறார்கள், மலைப்பகுதி போன்ற இடங்களுக்கு 1,000. கட்டடம் பள்ளியின் பொறுப்பு, மானியம் அதற்கு அல்ல. பெரும்பாலும் இரண்டு வகுப்பறைகளுக்கு இடைச்சுவரை எடுத்து ஒன்றாக்குவார்கள். அப்போதே மின்வேலையைச் சரியாகச் செய்துவிட வேண்டும். ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு பிளக் பாயிண்ட், ஒழுங்கான எர்த்திங், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. பிள்ளைகள் சால்டரிங் அயர்னும் டிரில் மெஷினும் பிடிக்கும் அறையில் ஆர்சிசிபி இல்லாமல் தொடங்கவே கூடாது. எக்ஸ்டென்ஷன் பெட்டிகளைத் தரையில் ஓடவிட்டு நடத்தும் ஆய்வகத்தில் முதலில் அறுவது வயர், அடுத்து ஆசிரியரின் துணிச்சல்.

கருவிப் பட்டியல் நான்கு தொகுப்புகளாக வரும். பி1இல் மின்னணுவியல், ரோபாட்டிக்ஸ், சென்சார்கள். பி2இல் 3டி பிரிண்டர். பி3இல் இயந்திரக் கருவிகள், மின்கருவிகள், அளவைக் கருவிகள். பி4இல் மின்வழங்கி, பேட்டரி, பாதுகாப்புச் சாமான். பட்டியல் நன்றாகவே யோசித்துப் போடப்பட்டது. சிக்கல் கொள்முதலில் வருகிறது. ஜெம் என்னும் அரசுக் கொள்முதல் இணையதளத்தில் மொத்தமாக ஒரே விற்பனையாளரிடம் வாங்கும்போது, சிலர் தங்கள் நிறுவனத்தின் தனி கனெக்டர் கொண்ட பொம்மைக் கிட்டுகளை இணைத்துவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், முதல் வாரத்தில் எல்லாம் ஓடும். அந்தத் தனிக் கேபிள் ஒன்று தொலைந்தால் கிட்டே முடங்கும். ஊர்க் கடையில் மாற்று கிடைக்காது. ஆகவே விவரக்குறிப்பு எழுதும்போதே, எந்த மின்னணுக் கடையிலும் உதிரி கிடைக்கும் பொதுவான போர்டுகளையே கேளுங்கள். நிரல் ஏற்றிக் கருவிகளை இயக்கும் சிறு போர்டுகளான அர்டுயினோ ஊனோ அல்லது அதற்கு இணையானது, ஈஎஸ்பி32, சால்டர் இல்லாமல் சுற்று கட்டும் சாதாரண பிரெட்போர்டு, 2.54 மில்லிமீட்டர் பின் இடைவெளி. இந்த ஒரு வரி ஐந்து ஆண்டுகளுக்கு உதிரிச் செலவைக் குறைக்கும்.

பொருள் வந்து இறங்கியதும் பலர் பெட்டியை எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஜெம் தளத்தில் கிராக் எனப்படும் ஏற்புச் சான்றுக்குப் பத்து நாள் கெடு உண்டு, அதற்குள் சோதித்துக் குறையைப் பதிவு செய்ய வேண்டும். கெடு தாண்டினால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்காகும். அந்தப் பத்து நாளில் ஒவ்வொரு ஊனோ போர்டிலும் விளக்கை மினுக்கும் பிளிங்க் நிரலை ஏற்றிப் பார்க்க வேண்டும். சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறு மோட்டாரான சர்வோ ஒவ்வொன்றையும் 0 முதல் 180 டிகிரி வரை சுற்ற வேண்டும். பிரிண்டரில் 20 மில்லிமீட்டர் கனசதுரம் ஒன்றை அச்சிட்டு வெர்னியரில் அளக்க வேண்டும், 0.2 மில்லிமீட்டருக்கு மேல் பிசகினால் பெல்ட் தளர்வு அல்லது தவறான அமைப்பு. கணினி ஆசிரியரும் இரண்டு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்தால் மூன்று மாலைகளில் முடிந்துவிடும் வேலை.

ஊனோ போர்டு கணினியில் தெரியவில்லை என்றால் அதைக் கெட்டதென்று ஒதுக்கிவிடாதீர்கள். மலிவு போர்டுகளில் யுஎஸ்பி வேலைக்கு சிஎச்340 என்ற சில்லு இருக்கும், அதற்கான டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். செல்போன் சார்ஜருடன் வரும் சில கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருக்காது. போர்டில் விளக்கு எரியும், நிரல் ஏறாது.

வகுப்பறையில் திரும்பத் திரும்ப நடக்கும் பழுதுகள் நான்கைந்துதான். காரணம் தெரிந்தால் எல்லாவற்றையும் தடுக்கலாம். ஊனோவின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது, 40 என்பது உச்சவரம்பு. மோட்டாரை நேரடியாகப் பின்னில் கட்டினால் அந்தப் பின் போய்விடும். சின்ன நீலச் சர்வோ, கை தடைபட்டு நிற்கும்போது அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். யுஎஸ்பி வழியே ஊனோவுக்கு வருவதே அரை ஆம்பியர்தான். உடனே மின்னழுத்தம் சரிந்து போர்டு ரீசெட் ஆகும். பிள்ளைகள் நிரலில் பிழை தேடிக்கொண்டே இருப்பார்கள். சர்வோவுக்குத் தனி 5 வோல்ட் வழங்கி கொடுத்து, இரண்டு கிரவுண்டையும் சேர்த்துக் கட்டினால் முடிந்தது. கிரவுண்டைச் சேர்க்க மறப்பதே அடுத்த பழுது.

ரோபோ வண்டிக்கு 9 வோல்ட் சதுர பேட்டரி போடும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். அதன் உள்மின்தடை அதிகம், கொள்ளளவு சுமார் 500 மில்லிஆம்பியர் மணிதான். இரண்டு மோட்டார் ஓடினால் சில நிமிடங்களில் சோர்ந்துவிடும். ஓராண்டு நுகர்பொருள் பணத்தில் கணிசமான பகுதி இப்படிக் குப்பைக்குப் போகிறது. திரும்ப சார்ஜ் செய்யும் 18650 வகை லித்தியம் செல் இரண்டை, பாதுகாப்புச் சுற்றுள்ள ஹோல்டரில் போடுங்கள், 7.4 வோல்ட் கிடைக்கும். எல்298 மோட்டார் டிரைவர் அதில் சுமார் 2 வோல்ட்டைத் தானே எடுத்துக்கொள்ளும், மீதி ஐந்தரை வோல்ட் அளவு அந்த மஞ்சள் கியர் மோட்டார்களுக்குச் சரியாக இருக்கும்.

மீயொலி தூர சென்சாரான எச்.சி.-எஸ்ஆர்04ஐ, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் போர்டிலோ ஈஎஸ்பி32இலோ நேராகக் கட்டுவது அடுத்த விபத்து. சென்சாரின் எக்கோ பின் 5 வோல்ட் தரும், அந்தப் போர்டுகள் 3.3 வோல்ட்தான் தாங்கும். 1 கிலோஓம், 2 கிலோஓம் இரண்டு மின்தடைகளை வரிசையில் போட்டு நடுவிலிருந்து எடுத்தால் 3.3 வோல்ட் வரும். பத்தாம் வகுப்பு இயற்பியலில் ஓம் விதி படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்முறை கிடையாது. இந்த ஆய்வகத்தின் பெரிய பலமே இதுதான்: பாடத்தில் மதிப்பெண்ணுக்காக நின்ற சூத்திரம் இங்கே ஒரு போர்டைக் காப்பாற்றுகிறது.

மல்டிமீட்டர் கெட்டுவிட்டது என்று ஓரம் வைத்திருப்பவற்றில் பாதிக்கு மேல் ஃபியூஸ் போனவையாகவே இருக்கும். கரண்ட் அளவில் வைத்தபடி மின்னழுத்தம் அளந்தால் உள்ளே உள்ள 200 மில்லிஆம்பியர் ஃபியூஸ் உருகும். பெரிய செலவில்லாமல் மாற்றலாம். ஒரு டப்பா நிறைய வாங்கி வையுங்கள்.

இனி 3டி பிரிண்டர். ஆய்வகத்திற்கு வருபவர்கள் எல்லாரும் முதலில் பார்ப்பது, ஆய்வகத்தில் அதிக நேரம் சும்மா நிற்பது. கணக்கைப் பாருங்கள். ஒரு பென்சில் ஸ்டாண்ட் அச்சிட மூன்று மணி நேரம் என்றால், 40 பேர் வகுப்புக்கு 120 மணி நேரம். ஒரு பிரிண்டரில் ஆளுக்கொரு பொருள் என்பது நடக்காது. கியர், சென்சார் தாங்கி, பெட்டி மூடி என்று ஒரு குழுவின் கருவிக்கு வேண்டிய சிறு பாகங்களை 30 நிமிடத்துக்குள் முடியும்படி வரைந்து அச்சிடுவதே சரியான பயன்பாடு. இணையத்திலிருந்து பொம்மைகளை இறக்கி அச்சிட்டு அலமாரியில் அடுக்குவது, அச்சிட உருக்கும் பிளாஸ்டிக் இழையான ஃபிலமென்டுக்குக் கேடு. பிள்ளை தானே வரைந்தது கோணலாக வந்தாலும் அதில் கல்வி இருக்கிறது.

பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் வகை ஃபிலமென்ட் போதும். ஏபிஎஸ் வகை வேண்டாம்: பாகம் உருவாகும் தட்டான படுக்கை 100 டிகிரி வேண்டும், மூடிய கூண்டு இல்லாவிட்டால் ஓரங்கள் சுருண்டு எழும், புகை மூடிய அறைக்கு ஆகாது. பிஎல்ஏவுக்கு, உருகிய இழை வெளிவரும் முனையான நாசில் 190 முதல் 220 டிகிரி, படுக்கை 50 முதல் 60. நம் கடலோர மாவட்டங்களில் பிஎல்ஏவுக்கு எதிரி ஈரம். பையைப் பிரித்து வெளியே விட்ட சுருள் மழைக்காலத்தில் நீரை உறிஞ்சும். அச்சிடும்போது பொரிவதுபோல் சத்தம் வரும், நூல் நூலாக இழுக்கும், பாகம் விரலால் ஒடியும். 45 முதல் 50 டிகிரியில் ஆறு மணி நேரம் உலர்த்தினால் பெரும்பாலும் மீளும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் இந்த வேலையே வராது.

முதல் அடுக்கு ஒட்டவில்லை என்றால் நாசிலுக்கும் படுக்கைக்கும் நடுவே ஏ4 தாளை விட்டு, லேசாக உரசும் அளவுக்கு நான்கு மூலைகளையும் சரிசெய்யுங்கள். படுக்கையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள், விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பிளாஸ்டிக் ஒட்டாது. நாசில் அடைப்புக்கு ஒரு காரணம் மின்வெட்டு. அச்சின் நடுவே மின்சாரம் போனால் குளிர்விக்கும் விசிறி நின்று, சூடு மேலேறி, ஃபிலமென்ட் குழாய்க்குள்ளேயே இளகி இறுகிவிடும். ஆகவே பிரிண்டருக்கு யுபிஎஸ் அலங்காரம் அல்ல. அடைத்துவிட்டால் 200 டிகிரிக்குச் சூடேற்றி, 90 டிகிரி வரை ஆறவிட்டு, ஒரே இழுப்பில் உருவினால் அழுக்கோடு வந்துவிடும். 0.4 மில்லிமீட்டர் நாசில் ஐந்து கையிருப்பில் இருக்கட்டும்.

கைக்கருவிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்லவை வாங்கினால் பத்தாண்டு வரும். உப்புக்காற்று ஊர்களில் மாதம் ஒருமுறை மெஷின் ஆயில் தடவுங்கள். சால்டரிங் முடிந்து அயர்னை அணைக்கும் முன் நுனியில் ஈயம் பூசிவிட வேண்டும், இல்லாவிட்டால் நுனி கறுத்துச் சூடு இறங்காது. 60/40 சால்டர் ஈயத்தில் நச்சான காரீயம் உண்டு. கை கழுவாமல் பிள்ளைகளைச் சாப்பிட விடக்கூடாது.

நேரம்தான் திட்டத்தின் மெல்லிய இடம். தனிப் பணியிடம் எதையும் இது உருவாக்குவதில்லை. பொறுப்பு ஒரு இயற்பியல் ஆசிரியரிடமோ கணினி ஆசிரியரிடமோ போகும், அவருடைய பாடவேளைகள் குறையாது. 45 நிமிட வேளையில் சாமானை எடுக்கப் பத்து நிமிடம், திரும்ப அடுக்கப் பத்து நிமிடம் போனால் மிச்சம் 25. இரண்டு வேளையைச் சேர்த்து 90 நிமிடமாக வாரம் ஒருமுறை தராத பள்ளியில் எவ்வளவு நல்ல கருவி இருந்தும் பயனில்லை. நான்கு பேர் கொண்ட பத்துக் குழு, பத்து கிட்டு, மேலே இரண்டு உபரி. ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் உள்ளிருப்பதன் படமும் எண்ணிக்கையும் ஒட்டியிருந்தால் அடுக்கும் நேரம் பாதியாகும். மென்டர் ஆஃப் சேஞ்ச் என்ற தன்னார்வலர்கள் வாரம் ஓரிரு மணி நேரம் வந்து உதவ ஏற்பாடு உண்டு. நகரத்தில் அது பயன்படுகிறது, பேருந்து குறைவான ஊர்ப் பள்ளிக்கு ஆள் கிடைப்பது கடினம். அங்கே பக்கத்து பாலிடெக்னிக் மாணவர்களைக் கேட்பது மேல்.

கணக்கைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அடுத்த தவணை நிற்பது இங்கேதான். பணம் பிஎஃப்எம்எஸ் என்ற மத்திய அரசின் நிதி மேலாண்மைத் தளம் வழியே நகரும். செலவழித்ததற்கு, அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜிஎஃப்ஆர் 12ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று தர வேண்டும். அமைப்புப் பணத்தையும் நடத்தும் பணத்தையும் ஒரே பேரேட்டில் கலந்தால் சான்று திரும்பி வரும். மானியத்துக்கு வங்கியில் வட்டி விழுந்தால் அது பள்ளியுடையது அல்ல, அரசுக்குத் திரும்பச் செலுத்த வேண்டும். பிரிண்டர் போன்றவை நிலைச்சொத்துப் பதிவேட்டில், ஃபிலமென்டும் மின்தடையும் நுகர்பொருள் பதிவேட்டில். இரண்டையும் பிரிக்காத பள்ளியில்தான் தணிக்கைக்குப் பயந்து பொருளைப் பூட்டி வைக்கிறார்கள். எரிந்த எல்இடி நுகர்பொருள். அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இதைப் பொறுப்பாசிரியருக்குத் தலைமையாசிரியர் எழுத்தில் தெரிவித்துவிட்டால் அலமாரி தானாகத் திறக்கும்.

நல்ல யோசனை உள்ள பிள்ளைகளை, மாணவர்களின் புதுமை யோசனைகளுக்குப் பணம் தரும் மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்கும் அனுப்புங்கள். தேர்வானால் 10,000 ரூபாய் மாணவர் வங்கிக் கணக்குக்கே வரும். ஆய்வகத்தில் கருவி, அங்கே பொருள் வாங்கப் பணம் என்று இரண்டு திட்டமும் நன்றாகப் பொருந்துகின்றன. கணக்கில் பெயரும் ஆதாரில் பெயரும் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள்.

அடல் இன்னொவேஷன் மிஷனை 2,750 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 2028 மார்ச் வரை நீட்டித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் வரும் பணமோ ஐந்தாண்டில் முடிகிறது. ஆறாம் ஆண்டுக்கு நான்காம் ஆண்டிலேயே ஏற்பாடு வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி என்ற அரசின் நன்கொடைத் திட்டம் வழியாக முன்னாள் மாணவர்களிடம் கேட்கலாம். பொதுவாக உதவி கேட்பதைவிட, ஃபிலமென்ட் நான்கு சுருள், ஊனோ போர்டு ஐந்து, ஜம்பர் வயர் பத்துக் கட்டு, நாசில் ஒரு பை என்று விலையோடு பட்டியல் போட்டுக் கேளுங்கள். பட்டியலைப் பிள்ளைகளே தயாரிக்கட்டும். எது தீர்ந்துவிட்டது என்பது அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.