வசுதாரா அருவி: பத்ரிநாத் பயணத்தில் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்

பத்ரிநாத்துக்குச் செல்லும் நம்மூர் யாத்திரைக் குழுக்கள் பெரும்பாலும் தப்தகுண்டத்தில் நீராடி, திருமங்கையாழ்வார் பாடிய பெருமாளைச் சேவித்து, மாணா கிராமத்தில் வியாச குகையை எட்டிப்பார்த்த கையோடு ஊர் திரும்பிவிடுகின்றன. வசுதாரா அருவி நிரலில் இருந்தாலும் பெயரளவுக்குத்தான். எங்கள் ஏற்பாட்டாளர் அதற்கு ஒதுக்கியது இரண்டு மணி நேரம்; மாணாவிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பாதையில் நம்மைப் போன்றவர்களுக்குப் போகவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும்.

பாறையிடுக்கில் பேரிரைச்சலோடு பாயும் சரஸ்வதி ஆற்றை பீம்புல் என்னும் ஒற்றைப் பாறையின் மேல் கடந்ததும், அளகநந்தாவை ஒட்டிய ஏற்றம் தொடங்குகிறது. தொடக்கத்தில் கல் பாவிய நல்ல பாதைதான். போகப்போக அது சரளையும் உருண்டைக் கற்களுமாக மாறுகிறது. நிழலுக்கு மரமில்லை, கடையில்லை, கழிப்பறையும் இல்லை. மாணாவே 3,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால், பத்ரிநாத்தில் ஓரிரவாவது தங்கி உடலைப் பழக்காமல் வருகிறவர்களுக்கு மூச்சு வாங்கும்.

ஏறக்குறைய 120 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையிலிருந்து விழும் இந்த நீர், மேலே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் பனியாறும் உறைபனியும் உருகி வருவது. குற்றாலத்தில் போலத் தலையைக் கொடுத்து நிற்கலாம் என்று எண்ணி வருகிறவர்கள் ஏமாறுவார்கள். பாதி உயரத்திலேயே காற்று நீரைப் பிரித்துச் சாரலாக்கி, தன் விருப்பப்படி வீசுகிறது. பாவம் செய்தவர் மேல் துளி படாது என்பது இங்குள்ள நம்பிக்கை. சற்று நேரம் நின்று கவனித்தால், காற்று திசை மாறும்போதெல்லாம் பாவிகளும் புண்ணியவான்களும் இடம் மாறிக்கொள்வதைக் காணலாம்! மூக்குக்கண்ணாடியில் படிந்த சாரலைத் துடைப்பதற்குள் எனக்கு விரல் நுனிகள் மரத்துவிட்டன. அருவியின் அடியில் புழுதி படிந்து, பாறை போலவே தோன்றும் பனிக்குவியலை அடியிலிருந்து நீர் அரித்துக் குடைந்திருந்தது. படம் எடுப்பதற்காக அதன் மேல் ஏறுவது ஆபத்து. எச்சரிக்கைப் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை.

நடையின் சிறப்பு அருவியோடு முடிவதில்லை. பள்ளத்தாக்கின் தலைமாட்டில் 7,138 மீட்டர் உயர சௌகம்பா நிற்கிறது. 1938, 1939 ஆண்டுகளின் முயற்சிகள் தோற்றபின், 1952இல்தான் அதன் உச்சியை மனிதர்கள் தொட்டார்கள். 2024 அக்டோபரில் அதன் மூன்றாம் சிகரத்தில் 6,000 மீட்டருக்கு மேல் சிக்கிக்கொண்ட இரு வெளிநாட்டுப் பெண் மலையேறிகள் சில நாட்கள் கழித்தே மீட்கப்பட்டனர். அந்த முகட்டைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் காலையிலேயே அருவியை அடைந்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகி நீர் பெருகுவது உண்மை. ஆனால் அதே வேளையில் காற்றும் மேகமும் பெருகிச் சிகரத்தை மூடிவிடுகின்றன. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், நான் சிகரத்தையே தேர்வேன்.

மே மாதத்தில் பாதையிலேயே பனி கிடக்கக்கூடும். ஜூலை, ஆகஸ்டில் மழையும் மண்சரிவும் மலைச்சாலையை மறிக்கும். அக்டோபரில் வானம் தெளிந்தாலும் நீர் மெலிந்துவிடும். ஜூன் பிற்பகுதியோ செப்டம்பர் கடைசியோ பொருத்தமாக இருக்கும். மூட்டுவலியோ இதயக் கோளாறோ உள்ள பெரியவர்களை பீம்புல் அருகே தேநீர்க் கடையில் துணையோடு அமரவைத்துவிட்டுப் போவது நல்லது.