தமிழில் பெயர் எழுதும் வரைபடத்துக்கு ஆரா, பைத்தானா?

ஓராண்டாக ஒரு தமிழ் மாத இதழுக்கு மாவட்டவாரி வரைபடங்கள் செய்து தருகிறேன். முதல் ஆறு மாதம் பைத்தான் நிரல்மொழியில் செய்தேன், பிறகு ஆர் என்ற இன்னொரு நிரல்மொழிக்கு மாறிவிட்டேன். இந்த வேலைக்கு எதைக் கற்கலாம் என்று கேட்பவர்களிடம் இப்போது தயங்காமல் ஆர் என்றே சொல்கிறேன். பட்டியல் போட்டால் காரணங்கள் நிறைய வரும். ஆனால் என்னை மாற வைத்தது ஒன்றே ஒன்றுதான்.

மற்றவற்றில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டும் இலவசம். வரைபடத் தரவைக் கையாளும் தொகுப்பு பைத்தானில் ஜியோபாண்டாஸ், ஆரில் எஸ்எஃப். இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஜிடால், ஜியோஸ், ப்ரோஜ் என்ற அதே மூன்று நூலகங்கள். எல்லைக் கோப்பு ஷேப்ஃபைலோ ஜியோஜேசனோ எந்த வடிவில் இருந்தாலும் ஒரே வரியில் திறந்துவிடும். வண்ணம் பிரிப்பதிலும் குறையில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னையில் சதுர கிலோமீட்டருக்கு 26 ஆயிரம் பேருக்கு மேல், நீலகிரியில் 300 பேர்கூட இல்லை. சம இடைவெளியில் வகுத்தால் சென்னை மட்டும் அடர் சிவப்பாகவும் அன்றிருந்த மற்ற 31 மாவட்டங்களும் ஒரே வெளிர் நிறமாகவும் வந்து நிற்கும். வகுப்புக்கு இத்தனை மாவட்டம் என்று எண்ணிக்கையைச் சமமாகப் பிரிக்க இரண்டிலும் வழி இருக்கிறது.

இனி அந்தக் காரணம்: தமிழ் எழுத்து.

முதல் வரைபடத்தைப் பைத்தானின் படம் வரையும் நூலகமான மேட்பிளாட்லிப்பில் வரைந்து, நல்ல தமிழ் எழுத்துருவையும் கொடுத்து, மாவட்டப் பெயர்களை இட்டேன். கட்டம் கட்டமாக வராமல் தமிழ் எழுத்துகளே வந்ததில் மகிழ்ந்து அப்படியே அனுப்பிவிட்டேன். மறுநாள் இதழின் மெய்ப்புத் திருத்துபவர் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். சேலம் இருக்க வேண்டிய இடத்தில் "சலேம்" என்று இருந்தது. இரட்டைக்கொம்பு சகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய், அடுத்த லகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சென்னை, தேனி, பெரம்பலூர் எல்லாவற்றிலும் இதே கதை. மதுரையின் "து" தகரமாகவும் உகரக் குறியாகவும் பிரிந்து நின்றது, சங்கிலிக்கொம்பு ரகரத்தைத் தாண்டிப் போயிருந்தது. கொம்பும் இல்லாமல், உகர ஊகாரமும் இல்லாமல் பிறந்த நாமக்கல் மட்டும் ஏறக்குறைய தப்பித்தது.

எழுத்துருவின் மேல் பழி இல்லை. யூனிகோடில் "சே" என்பது முதலில் ச, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவதும், தகரத்தையும் உகரத்தையும் சேர்த்து "து" ஆக்குவதும் எழுத்துகளைக் கோக்கும் நிரலின் வேலை. உலாவிகளில் இதை ஹார்ஃப்பஸ் போன்ற நூலகம் செய்கிறது. நான் பயன்படுத்திய மேட்பிளாட்லிப் பதிப்பு அந்தப் படியையே தொடாமல், குறியீடுகளை வந்த வரிசையில் அடுக்கிவிட்டது. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்கும் இந்திக்கும் போதாது.

சுற்றுவழிகள் உண்டு, எல்லாவற்றையும் முயன்றேன். எஸ்விஜி கோப்பாகச் சேமிக்கும்போது எழுத்தை உருவமாக மாற்றாமல் எழுத்தாகவே விட்டுவைக்க ஓர் அமைப்பு இருக்கிறது. அந்தக் கோப்பை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்தால் பெயர்கள் ஒழுங்காக வரும். ஆறு மாதம் அப்படித்தான் ஓட்டினேன். ஆனால் ஒரு மாவட்டத்தின் எண் திருத்தப்பட்டால்கூட மறுபடி வரைய வேண்டும், மறுபடி இங்க்ஸ்கேப், மறுபடி ஏற்றுமதி. நிரல் எழுதி வரைபடம் செய்வதன் பயனே ஓர் எண்ணை மாற்றி மீண்டும் ஓட்டினால் வேலை முடிந்துவிடும் என்பதுதானே? நடுவில் கை வேலை வந்துவிட்டால் அந்தப் பயன் போய்விடுகிறது.

ஆரில் படம் வரையும் ஜிஜிபிளாட்2 உடன் ராக் என்ற தொகுப்பை நிறுவிக்கொண்டு பிஎன்ஜியாகச் சேமித்தேன். சேலம், சேலமாகவே வந்தது. வேறு எந்த அமைப்பையும் தொடவில்லை. ராக் எழுத்துகளைக் கோக்கும் வேலையை ஹார்ஃப்பஸிடம் ஒப்படைத்துவிடுகிறது. எச்சரிக்கை ஒன்று: ஆரின் வழக்கமான பிடிஎஃப் வழியில் சேமித்தால் தமிழுக்குப் பதில் புள்ளிகள் வரும். கெய்ரோ பிடிஎஃப் என்ற வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது ஆனது, அதன்பின் தொல்லை இல்லை.

பரப்பளவு கணக்கிடுவதிலும் ஆர் எனக்குக் கை கொடுத்தது. அட்சரேகை, தீர்க்கரேகையில் உள்ள எல்லையை ஜியோபாண்டாஸிடம் கொடுத்துப் பரப்பு கேட்டால் நீலகிரிக்கு 0.21 என்று சொல்லும். அது சதுரப் பாகை. கூடவே ஓர் எச்சரிக்கையும் தரும் என்றாலும் எண் எண்தான், அவசரத்தில் அதையே எடுத்துக்கொண்டு மேலே போய்விடலாம். மீட்டர் கட்டத்துக்கு மாற்றிவிட்டுத்தான் கேட்க வேண்டும். அங்கும் ஒரு சிக்கல்: யுடிஎம் என்ற மீட்டர் கட்ட முறையின் மண்டலங்களைப் பிரிக்கும் 78 பாகைத் தீர்க்கரேகைக் கோடு திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே ஓடுகிறது, கோவை ஒரு மண்டலம், சென்னை இன்னொன்று. எஸ்எஃப் 1.0 பதிப்பு முதல் பூமியை உருண்டையாகவே வைத்துக் கணக்கிட்டு, சதுர மீட்டர் என்ற அலகையும் ஒட்டித் தருகிறது. நீலகிரிக்கு 2,500 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று நேராகக் கிடைத்துவிடும்.

பைத்தானை நான் முழுக்க விடவில்லை. இரண்டு கோப்புகளைப் பெயரை வைத்து இணைக்கும்போது கோயம்புத்தூர் மட்டும் ஒட்ட மறுத்தது நினைவிருக்கிறது. ஒரு கோப்பில் "கோ"வின் குறி ஒற்றைக் குறியீடு, மற்றதில் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. பைத்தானோடு வரும் யூனிகோட் நூலகத்திலேயே இதை ஒரே வரியில் சீராக்கலாம், ஆரில் தனித் தொகுப்பு வேண்டும். இணையத்தில் நகர்த்திப் பார்க்கும் வரைபடம் மட்டும் போதும் என்றாலும் பைத்தானின் ஃபோலியம் நன்றாகவே இருக்கிறது. அங்கே எழுத்தைக் கோப்பது உலாவி என்பதால் தமிழ் பிழைபடாது. செயற்கைக்கோள் படங்களை ராஸ்டரியோவில் கையாள்பவர்கள் பைத்தானைப் புகழ்கிறார்கள். என் வேலை மாவட்ட எல்லைகளோடு நின்றுவிடுவதால் அதில் நான் தீர்ப்புச் சொல்வது சரியாக இருக்காது.

பராமரிப்பில் இரண்டுமே படுத்தும். ஆரில் ஆர்ஜிடால், ஆர்ஜியோஸ், மேப்டூல்ஸ் என்ற பழைய தொகுப்புகள் மூன்றும் 2023 அக்டோபரில் ஓய்வுபெற்றன. அவற்றை நம்பி எழுதிய பழைய பாடங்கள் இன்று புதிய கணினியில் அப்படியே ஓடாது. பைத்தானில் உலக நாடுகளின் மாதிரி எல்லைகளைக் கூடவே தந்துவந்த வசதியை ஜியோபாண்டாஸ் 1.0 நீக்கிவிட்டது, தொடக்கப் பாடங்கள் பல முதல் வரியிலேயே நின்றுபோகின்றன. ஆரில் புதிதாகத் தொடங்குபவர்கள் எஸ்எஃப், ஜிஜிபிளாட்2 இரண்டோடு நிறுத்திக்கொண்டால் நல்லது. ஆரின் இன்னொரு வரைபடத் தொகுப்பான டிமேப் அழகானதுதான், ஆனால் நான்காம் பதிப்பில் கட்டளைகளின் எழுத்துமுறை கணிசமாக மாறிவிட்டது.

அடுத்த இதழுக்கு 38 மாவட்டப் பெயர்களோடு புதிய எல்லை வரைபடம் கேட்டிருக்கிறார்கள். செங்கல்பட்டு, தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை என்று கொம்புகளும் உகரங்களும் நிறைந்த பெயர்கள். நேற்று இரவு ஆரில் ஓட்டி மெய்ப்பு அனுப்பினேன், காலையில் அது சிவப்பு வட்டம் ஒன்றுகூட இல்லாமல் திரும்பி வந்தது.