ஃபோர்ட்டிஃபையா, சென்ட்ரியா? சிவிலைசேஷன் 4-இன் காவல் கட்டளைகள்

சிவிலைசேஷன் 4 என்ற கணினி உத்தி விளையாட்டு வந்தது 2005-இல். இன்றைக்கும் அதை விடாமல் ஆடுகிறேன். புதிதாக ஆட வருபவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: வில்லாளியை எல்லையில் நிறுத்தியாச்சு, இப்போது ஃபோர்ட்டிஃபை (அரண் அமைத்து நில்) கொடுப்பதா, சென்ட்ரி (கண்காணித்து நில்) கொடுப்பதா? எதில் பாதுகாப்பு அதிகம்?

இரண்டிலும் ஒரே அளவுதான். நகராமல் நிற்கும் ஒவ்வொரு டர்னுக்கும் (ஆட்டச் சுற்றுக்கும்) தற்காப்பு பலம் 5 சதவீதம் கூடும், 25-ஐத் தொட்டதும் நின்றுவிடும். ஃபோர்ட்டிஃபை, சென்ட்ரி, ஹீல் (காயம் ஆறும்வரை நில்) எதை அழுத்தினாலும் இதே கணக்கு. ஒரு கட்டம் நகர்ந்தால் மறுபடி பூஜ்யம். வித்தியாசம் பலத்தில் இல்லை, அந்த யூனிட் (படைப்பிரிவு) உங்களை எப்போது கூப்பிடும் என்பதில் இருக்கிறது.

ஃபோர்ட்டிஃபை செய்த யூனிட் கூப்பிடவே கூப்பிடாது. நீங்களாகப் போய் எழுப்பும்வரை அப்படியே நிற்கும். இது எனக்குப் புரிந்தது ஒரு செப்புச் சுரங்கத்தை இழந்த பிறகுதான். நகரத்துக்குள் இரண்டு கோடரி வீரர்கள் ஃபோர்ட்டிஃபையில் இருந்தார்கள். காட்டுமிராண்டி யூனிட் ஒன்று அவர்கள் கண்ணெதிரே வந்து சுரங்கத்தை அழித்துவிட்டது. நான் வேறு மூலையில் நகரம் கட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த கோடரி வீரனை உருவாக்கப் போனபோது, செம்பு போய்விட்டதால் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. அவர்களைச் சென்ட்ரியில் வைத்திருந்தால், பகைவன் பார்வைக்குள் வந்த உடனே எழுந்து என்ன செய்ய என்று கேட்டிருப்பார்கள்.

சரி, அப்படியானால் எல்லாரையும் சென்ட்ரியிலேயே வைக்கலாமே? போர் நடக்கும்போது அது தொல்லை. எதிரிப் படை எதிரே முகாமிட்டிருந்தால் ஒவ்வொரு டர்னும் எழுந்து நிற்பார்கள். நகர்த்தாத வரை சேர்ந்த சதவீதம் போகாது, ஆனால் பொறுமை போய்விடும்.

ஸ்லீப் (தூங்கு) என்றும் ஒரு கட்டளை உண்டு; அதுவும் ஃபோர்ட்டிஃபையும் போட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் ஒரே யூனிட்டுக்கு வராது. ரதத்தையோ கேட்டபுல்ட்டையோ (கல்லெறியும் பொறி) சொடுக்கிப் பாருங்கள், ஃபோர்ட்டிஃபை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்லீப் இருக்கும். தற்காப்பு போனஸ் கிடையாது என்று அந்தப் பட்டனே சொல்லிவிடுகிறது. அப்படிப்பட்ட யூனிட்டைத் தனியாகக் காவலுக்கு நிறுத்தாதீர்கள்.

ஹீல் என்பது குணமானதும் எழுப்பிவிடும் கட்டளை. நகரத்தில் டர்னுக்கு 20 சதவீதம், சொந்த நிலத்தில் 15, யாருடையதும் அல்லாத நிலத்தில் 10, எதிரி நிலத்தில் வெறும் 5. எதிரி மண்ணில் காயத்தோடு உட்கார்ந்திருப்பதைவிடப் பின்வாங்குவது மேல்.

அப்புறம், கட்டளையைவிட இடம் முக்கியம். வில்லாளியின் பலம் 3. காடு மூடிய குன்றில் நின்றால் குன்றுக்கு 25, காட்டுக்கு 50, குன்றில் வில்லாளிக்கென்றே உள்ள 25, மொத்தம் 100 சதவீதம் கூடி 6 ஆகிறது. ஐந்து டர்ன் நின்றால் 6.75. எதிரே வரும் கோடரி வீரனின் பலம் 5. சமவெளியில் அதே ஐந்து டர்ன் நின்றாலும் 3.75-தான்.

அதனால் நான் முதலில் குன்றைத் தேடுவேன். எல்லைக் குன்றில் இருப்பவனுக்குச் சென்ட்ரி, உள்நாட்டு நகரத்துக்கு ஃபோர்ட்டிஃபை. போர் மூண்டதும் முன்வரிசையையும் ஃபோர்ட்டிஃபைக்கு மாற்றிவிட்டு, சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஒருவனை மட்டும் சென்ட்ரியிலேயே விட்டுவைப்பேன்.